கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடுமா? தன்பாலீர்ப்பு பற்றிய நம் வாதங்களும் சினிமாவின் பதில்களும்

இலங்கை மலையகத்துத் தோட்ட வீடுகளுக்குள் தன்பாலீர்ப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் சினிமா வழியாகத்தான் வருகிறது. கோயிலில் அதைப் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. சங்கக் கூட்டத்தில் அதற்கு இடமே கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பமே சேர்ந்து டிவி பார்க்கும்போது, ஒரு நகைச்சுவைக் காட்சியில் இரண்டு ஆண்கள் கால் தவறி ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். மூன்றாவது ஆள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிப்பார். வீடே சிரிக்கும். தன்னைப் பற்றி ஏதோ ஒன்று புரியத் தொடங்கியிருக்கும் 15 வயதுப் பையன் அங்கே உட்கார்ந்திருந்தால் அவனும் சேர்ந்து சிரித்தாக வேண்டும். சிரிக்காவிட்டால் யாராவது கவனிப்பார்கள். தோட்டத்து வரிசைவீட்டின் ஒற்றை அறையில், 10 அடிக்கு 12 அடி லயத்துக் காம்பராவில், முகத்தை ஒளித்துக்கொள்ள இடம் ஏது?

அதே வீட்டின் முன்பக்கத்து இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், தேநீர் குடித்துக்கொண்டு பெரியவர்கள் சொல்லும் வாதங்கள் நமக்கெல்லாம் மனப்பாடம். 'இது இயற்கைக்கு விரோதம்.' 'வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம்.' 'கொழும்புக்கு வேலைக்குப் போனான், கெட்டுப்போய் வந்திருக்கிறான்.' 'வளர்ப்பு சரியில்லை.' கடைசியில் தீர்வு மாதிரி ஒன்று: 'ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.'

இவை எல்லாமே அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்லப்படுபவை. அதனால்தான் யாரும் இவற்றைத் தட்டிப் பார்த்ததில்லை. நல்ல சினிமா செய்கிற வேலை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அந்த ஆளை அது வீட்டுக்குள்ளே உட்கார வைக்கிறது. அப்புறம் அதே வாதத்தை, அந்த ஆளை நேசிக்கிற ஒருவரின் வாயால், அந்த ஆளின் முகத்துக்கு முன்னாலேயே சொல்ல வைக்கிறது. அப்போது வாதம் தன் சொந்தக் காலில் நின்றாக வேண்டும். பெரும்பாலும் அதனால் நிற்க முடிவதில்லை.

தமிழ் சினிமா இந்த இடத்துக்கு வர வெகுகாலம் எடுத்தது. 'அவனா நீ' என்ற ஒரு நகைச்சுவை வசனம் போதும், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகிற பஸ்ஸில் கொஞ்சம் மென்மையாக நடக்கிற எந்தப் பையனையும் கூனிக் குறுக வைக்க. 2006இல் வந்த 'வேட்டையாடு விளையாடு' படத்தில் பெண்களைக் கொல்லும் இரண்டு இளம் மருத்துவர்களுக்கு இடையில் அப்படியொரு உறவு இருப்பதாகக் கோடிகாட்டுவார்கள். கதைக்கு அது தேவைப்படவே இல்லை. அவர்களை இன்னும் அருவருப்பாகக் காட்டத்தான் அது பயன்பட்டது. 2015இல் 'ஐ' படத்தில் ஒரு திருநங்கைப் பாத்திரத்தைக் காட்டிய விதத்தை எதிர்த்துச் சென்னையில் திருநங்கைகள் போராடினார்கள். அதற்கு அடுத்த வருடமே 'இருமுகன்' வந்தது, நளினமான நடையையே வில்லத்தனத்தின் அடையாளமாக ஆக்கிக்கொண்டு. பாலினம் வேறு, பாலீர்ப்பு வேறு என்ற அடிப்படைகூட இந்தப் படங்களுக்குப் பொருட்டில்லை. இடையில் 2010இல் வெங்கட் பிரபுவின் 'கோவா'வில் சேர்ந்து வாழும் ஓர் ஆண் ஜோடி வந்தது. அதுவும் சிரிப்புக்காகத்தான் என்றாலும், அவர்களுக்குள் பொறாமை இருந்தது, ஊடல் இருந்தது, காதலும் இருந்தது. அந்தக் காலத்துக்கு அது சின்னதாக ஒரு நகர்வு.

சிரிப்பில் உள்ள ஆபத்தைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. வாதம் செய்கிறவருக்குப் பதில் சொல்லலாம். சிரிக்கிறவருக்கு என்ன பதில் சொல்வது?

'வெள்ளைக்காரன் பழக்கம்' என்ற வாதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மலையகத்தாருக்கு அதில் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. இலங்கையில் தன்பால் உறவைக் குற்றமாக்குகிற 365, 365அ பிரிவுகள் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ளவை. அந்தச் சட்டக்கோவையை 1883இல் கொண்டுவந்தது பிரித்தானிய அரசு. கோப்பிச் செடியை இலைநோய் அழித்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. நம் முன்னோரை மன்னாரில் இறக்கி, காட்டுப்பாதையில் மாத்தளை வரைக்கும் நடத்திக் கூட்டிவந்த அதே ஆட்சிதான் இந்தச் சட்டத்தையும் எழுதியது. 'இயற்கை ஒழுங்குக்கு மாறானது' என்று நாம் இன்றைக்கும் சொல்கிற சொற்றொடர்கூட அந்தச் சட்டத்தில் இருப்பதுதான். 365ஆம் பிரிவுக்குப் பத்து வருடம் வரை சிறை, 365அ பிரிவுக்கு இரண்டு வருடம் வரை. முதலில் ஆண்களை மட்டும் குறிவைத்திருந்த 365அ பிரிவை 1995இல் திருத்தினார்கள். நீக்குவதற்காக அல்ல, பெண்களையும் அதற்குள் கொண்டுவருவதற்காக.

ஆக, வெளியிலிருந்து வந்தது சட்டம். மனிதர்கள் இங்கேயே இருந்தவர்கள்தான்.

இந்த இடத்தில் சிலர் நம் காமன் கூத்தைச் சுட்டிக்காட்டுவார்கள். மாசி மாதம் தோட்டத்தில் கம்பம் நட்டு ஆடும்போது, ரதி வேடம் கட்டுவது ஓர் ஆண். ஊரே அந்த ஆணை ரதியாக ஏற்றுக் கும்பிடும். ஆனால் இதை வைத்துக்கொண்டு 'பார், நம் பண்பாடு அப்போதே ஏற்றுக்கொண்டிருக்கிறது' என்று முடிவு கட்டுவது சரியில்லை. பெண் வேடம் கட்டுகிறவர் தன்பாலீர்ப்பாளராக இருக்க வேண்டியதில்லை. கூத்து முடிந்து வேடத்தைக் கலைத்தபின் ஊர் அவரை எப்படி நடத்துகிறது என்பது வேறு கதை. கூத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: ஆண் இப்படித்தான் நடக்க வேண்டும், பெண் இப்படித்தான் நிற்க வேண்டும் என்ற கோடு நம் பெரியவர்களுக்கு இன்றைக்கு நாம் போடுகிற அளவுக்கு இறுக்கமாக இருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. 'நீ இந்த மண்ணைச் சேர்ந்தவன் இல்லை' என்ற வாசகத்தை 1948இல் குடியுரிமைச் சட்டமாகவே வாங்கிக்கொண்டவர்கள் நாம். அந்த வாசகத்தை நம் வீட்டுப் பிள்ளையிடமே நாம் திருப்பிச் சொல்வது எனக்கு மனதை அறுக்கிறது. தீபா மேத்தாவின் 'ஃபயர்' 1996இல் எடுக்கப்பட்டு, 1998 டிசம்பரில் மும்பையிலும் டில்லியிலும் திரையிடப்பட்டபோது, தியேட்டர்களை அடித்து நொறுக்கியவர்கள் சொன்னதும் இதைத்தான்: இது நம் பண்பாடு இல்லை. அந்தப் படம் நடப்பதோ டில்லியில் ஒரு சாதாரணக் கூட்டுக் குடும்பத்தில். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டு ஓரகத்திகள், ஒரே அடுப்படி, ஒரே மொட்டை மாடி.

சட்டத்தை எழுதிய நாட்டிலேயே அந்தச் சட்டத்தைக் கேள்வி கேட்டது ஒரு படம். 1961இல் வந்த 'விக்டிம்'. டர்க் போகார்ட் அதில் பெயர் பெற்ற வழக்கறிஞராக நடித்தார். தன்பாலீர்ப்புள்ள ஆண்களைப் புகைப்படத்தைக் காட்டி மிரட்டிப் பணம் பறிக்கிறது ஒரு கும்பல். அதில் சிக்கிய ஓர் இளைஞன் பொலிஸ் காவலில் உயிரை விடுகிறான். தன் பெயரும் தொழிலும் போய்விடும் என்று தெரிந்தும் அந்த வழக்கறிஞர் கும்பலை எதிர்த்து நிற்கிறார். இந்தச் சட்டம் யாருடைய ஒழுக்கத்தையும் காப்பாற்றவில்லை, மிரட்டுகிறவன் கையில் ஆயுதமாகத்தான் இருக்கிறது என்பதைப் படம் ஒரு துப்பறியும் கதை போலவே சொல்லிவிடும். அதற்கு 42 வருடங்களுக்கு முன்பே, 1919இல், ஜெர்மனியில் 'மற்றவர்களிலிருந்து வேறுபட்டவர்கள்' என்று பொருள்படும் பெயரில் ஒரு மௌனப்படம் இதே மிரட்டலைக் காட்டியது. மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் அதில் தானே தோன்றி விளக்கம் சொல்வார். அடுத்த வருடமே பொதுமக்கள் அதைப் பார்க்கத் தடை வந்தது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967இல் சட்டம் மாறியது. நாமோ 1948இலேயே சுதந்திரம் வாங்கிவிட்டோம். சட்டம் மட்டும் நம்மிடமே தங்கிவிட்டது. இரண்டு பேர் மனமொப்பிச் செய்வதை அரசு கண்காணிக்கக்கூடாது என்ற எண்ணத்தை இலங்கையின் உயர் நீதிமன்றம் 2016இல் ஒரு தீர்ப்பில் வெளிப்படுத்தி, சிறைத் தண்டனையை ஒத்திவைத்த தண்டனையாக மாற்றியது. சட்டம் அப்படியே இருந்தது. இந்தப் பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று அதே நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்மானித்தது. அந்தச் சட்டமூலம் நிறைவேறாமலே 2024இல் பாராளுமன்றம் கலைந்தது. 'விக்டிம்' படத்தில் தபாலில் வரும் மிரட்டல் இன்றைக்குக் கைபேசியில் வரும். 'படத்தைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவேன், உங்கள் அப்பா பார்க்கட்டும்' என்று ஒருவன் சொன்னால், பொலிஸுக்குப் போவதற்குக்கூடப் பயப்பட வேண்டிய நிலையில்தான் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்போது கால்கட்டுக்கு வருகிறேன். மற்ற வாதங்களால் ஒருவர் மனம் புண்படும். இந்த வாதத்தால் இரண்டு பேருடைய வாழ்க்கையே போகிறது. அதில் ஒருவர் எதுவுமே தெரியாமல் கழுத்தை நீட்டிய பெண்.

2023 நவம்பரில் வந்த மலையாளப் படம் 'காதல்: தி கோர்'. இயக்கம் ஜியோ பேபி. கோட்டயத்துக் கிழக்கு மலைப்பக்கத்தில் உள்ள தீக்கோயியில் கதை நடக்கிறது. மம்மூட்டி நடிக்கும் மேத்யூ, கூட்டுறவு வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், ஊரில் மதிப்புள்ளவர். உள்ளூராட்சி இடைத்தேர்தலில் நிற்கப்போகிற நேரத்தில், 20 வருடம் சேர்ந்து வாழ்ந்த மனைவி ஓமனா விவாகரத்துக் கேட்டு வழக்குப் போடுகிறார். காரணம், கணவர் தன்பாலீர்ப்பாளர். ஓமனாவாக ஜோதிகா. இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டே நீதிமன்றத்துக்குப் போகிறார்கள். அங்கே ஒருவருக்கெதிராக ஒருவர் நிற்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் ஓமனா சமைக்கிறார், எல்லாரும் சாப்பிடுகிறார்கள். யாரும் யாரையும் திட்டுவதில்லை.

இந்தப் படத்தில் என்னை உலுக்கியது மேத்யூவின் அப்பா. மகனைப் பற்றி அவருக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் கல்யாணம் செய்து வைத்தார், சரியாகிவிடும் என்று நம்பி. 20 வருடம் அந்த வீட்டில் மருமகள் தனக்குச் சோறு போட்டதைப் பார்த்துக்கொண்டு, தான் செய்தது என்ன என்று தெரிந்துகொண்டு வாழ்ந்திருக்கிறார். கடைசியில் அதை அவர் ஒப்புக்கொள்ளும்போது, மேடை போட்டு யாரும் 'கால்கட்டு வாதம் தவறு' என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. அந்த வாதத்தைச் சொன்னவரே அதன் விளைவைத் தினமும் கண்ணால் பார்த்த சாட்சி.

நம் தோட்டங்களில் இப்படிப்பட்ட அப்பாக்கள், சித்தப்பாக்கள், மாமாக்கள் எத்தனை பேர்! கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் பெண் பார்க்கப் போகிறார்கள். தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வீட்டுக்கு வந்த பையன் கல்யாணப் பேச்சை எடுத்தவுடன் மறுநாளே பஸ் ஏறிவிடுகிறான் என்றால், 'கூச்சம்' என்பார்கள். பெண்பிள்ளையாக இருந்தால் அவளுக்குப் பஸ் ஏறும் வழிகூடக் கிடையாது. தன்பாலீர்ப்பைக் கண்டிக்கிறவர்கள் குடும்பத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறார்கள். ஓமனா போன்ற பெண்ணை அவர்கள் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவார்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஓமனாவையும் பாதிக்கப்பட்டவராக, கோபப்பட உரிமையுள்ளவராக, கணவரையும் விடுவிக்கிற ஒருவராகப் படம் காட்டியதால்தான், சாதாரணமாக இந்த விஷயத்தைக் கேட்கவே மறுக்கிற பெண்கள்கூட அதைக் கடைசிவரை பார்க்கிறார்கள்.

இதே வேலையை ஒரே வீட்டுக்குள், பேச்சை மட்டும் வைத்துச் செய்த தமிழ்ப் படம் ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'காதல் என்பது பொதுவுடைமை', 2025 பெப்ரவரி 14இல் வெளியானது. மகள் தான் காதலிப்பதாக அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா சந்தோஷமாக வீட்டுக்குக் கூட்டிவரச் சொல்கிறார். வருவது ஒரு பெண். மகளாக லிஜோமோல் ஜோஸ், அம்மாவாக ரோகிணி, அப்பாவாக வினீத். அந்த அம்மா படித்தவர், மகளுக்குச் சுதந்திரம் கொடுத்தவர், காதலுக்கு எதிரியே அல்ல. அப்படிப்பட்டவரின் வாயிலிருந்தே நம் இஸ்தோப்பு வாதங்கள் வெளியே வருவதுதான் அந்தப் படத்தின் பலம். வில்லன் ஒருவரிடம் அவற்றைக் கொடுத்திருந்தால் நாம் சுலபமாகத் தள்ளிவிட்டிருப்போம். சில இடங்களில் பாடம் எடுப்பது போல இருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் தமிழில் இந்த உரையாடல் முழுதாக, கத்தாமல், ஒரு தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நடப்பதைக் கேட்பதற்கே ஒரு மதிப்பு இருக்கிறது.

பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) வேறொரு முடிச்சைப் போட்டது. புதுச்சேரியில் ஒரு நாடகக் குழு காதலைப் பற்றி நாடகம் போடத் தயாராகிறது. குழுவில் சாதி தாண்டிய காதலும் இருக்கிறது, தன்பால் ஜோடிகளும் இருக்கிறார்கள், ஒரு திருநங்கையும் இருக்கிறார். சாதிப் பெருமையோடு அங்கே வந்து சேரும் அர்ஜூன் என்ற இளைஞன் எல்லாவற்றுக்கும் முகம் சுளிக்கிறான். சாதி பார்க்கிற கண்ணும் இதை அருவருக்கிற கண்ணும் ஒன்றுதான் என்று படம் காட்டுகிறது. ஒரே லயத்தில் சுவர் ஒட்டி வாழ்ந்தாலும் சம்பந்தம் பேசும்போது சாதி கேட்கிற நமக்கு இது நன்றாகவே புரிய வேண்டும். 'யாரோடு வாழ்வது என்பதைக் குடும்பம்தான் தீர்மானிக்கும்' என்ற ஒரே வேரிலிருந்துதான் இரண்டும் முளைக்கின்றன.

'இது நோய்' என்கிறவர்களுக்குப் பதில் மருத்துவமே சொல்லிவிட்டது. 1990 மே 17இல் உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 'சிறு பிள்ளைகளைக் கெடுத்துவிடுவார்கள்' என்பது அதைவிடக் கொடிய வாதம். பிள்ளைகளைத் துன்புறுத்துவது வேறு, வளர்ந்த இருவர் மனமொத்து வாழ்வது வேறு. அந்தக் கொடுமைக்குத் தனிப் பிரிவுகள் சட்டத்தில் இருக்கின்றன, அவை இருக்கவும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் உண்மையில் பிள்ளையைத் துன்புறுத்துகிறவன்தான் தப்பிக்கிறான்.

ஆசிரியர் தொழிலை நாம் எவ்வளவு உயரத்தில் வைத்திருக்கிறோம் என்பதால் ஹன்சல் மேத்தாவின் 'அலிகர்' படத்தையும் சொல்ல வேண்டும். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மராத்திப் பேராசிரியர் ராமச்சந்திர சிராஸின் உண்மைக் கதை அது. 2010இல் அவருடைய வீட்டுக்குள் கேமராவோடு நுழைந்தார்கள். பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் அவருக்குச் சாதகமான உத்தரவு வந்து சில நாட்களிலேயே இறந்துபோனார். மனோஜ் பாஜ்பாயி அவரைப் போராளியாக நடிக்கவில்லை. பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டு, கவிதை மொழிபெயர்த்துக்கொண்டு, தனிமையில் வாழும் ஒரு வாத்தியாராகவே நடித்தார். 'ஒழுக்கம் கெட்டவர்' என்று சொல்லப்பட்ட மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அத்துமீறி உள்ளே வந்தவர்களின் ஒழுக்கம் என்ன என்ற கேள்வி தானாக எழும்.

நம் நாட்டுப் படங்களுக்கு வருவோம். அசோக ஹந்தகம 2002இல் எடுத்த 'தனி தட்டுவென் பியாபன்ன' ஆணாக வாழும் ஒரு மெக்கானிக்கின் கதை. உடல் பெண்ணுடையது என்று தெரிந்ததும் சுற்றியுள்ள ஆண்கள் எப்படி மாறுகிறார்கள் என்பதை அது சொல்கிறது. விசாகேச சந்திரசேகரத்தின் 'ஃபிராஞ்ஜிபானி' சிங்களக் கிராமம் ஒன்றில் இரண்டு ஆண்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில் நடப்பது. தமிழ்ப் பையனின் கதை என்றால் ஷியாம் செல்வதுரையின் நாவலிலிருந்து தீபா மேத்தா 2020இல் எடுத்த 'ஃபன்னி பாய்' இருக்கிறது. 1983 இனக்கலவரத்துக்கு முந்தைய கொழும்பு, சேலை கட்டி விளையாட ஆசைப்படும் ஆர்ஜி, அவனை ஆம்பிளையாக்கத் துடிக்கும் அப்பா. நெருப்பு வைக்கப்பட்ட வீடுகளின் கதையும் அவன் காதலும் ஒன்றாகவே ஓடுகின்றன. ஆனால் படத்தில் பேசப்பட்ட தமிழ் தமிழாக இல்லை என்று தமிழர்கள் கோபப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அம்மா பேசுகிற தமிழே அந்நியமாக ஒலிக்கும்போது, 'இது நம் வீட்டுப் பையனின் கதை' என்று ஒரு தாயை எப்படி நம்பவைப்பது? 'இது வெளிநாட்டு விஷயம்' என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு அந்தத் தமிழ் நல்ல வசதியாகப் போய்விட்டது. நல்ல கதைக்கு நேர்ந்த இந்த நஷ்டம் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அதனால்தான் மலையகத் தமிழில், காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் பேசுகிற பேச்சில், இந்தக் கதை வர வேண்டும் என்று விரும்புகிறேன். கேமரா இன்று நம் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் குறும்படம் எடுக்கிறவர்கள் சம்பளப் பிரச்சினையை, வீட்டுரிமையை, குடியை எடுக்கிறார்கள், எடுக்கட்டும். அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிற இந்தப் பிள்ளையையும் ஒருநாள் எடுக்க வேண்டும். எடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கொழுந்து பறித்துப் பிள்ளையைப் படிக்கவைத்த அம்மாவை வில்லியாக்கிவிடாதீர்கள். அவருடைய பயத்தை முழுதாகப் பேசவிடுங்கள். அந்தப் பிள்ளையைச் சாகடித்துக் கண்ணீர் வாங்காதீர்கள். செத்தபின் இரக்கப்படுவது நமக்கு எப்போதுமே சுலபம்.

அதுவரைக்கும் வீட்டில் பெரியவர்களோடு எந்தப் படத்திலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், 'காதல்: தி கோர்' என்பேன். மம்மூட்டியையும் ஜோதிகாவையும் அம்மாக்களுக்கு ஏற்கெனவே பிடிக்கும். முகம் திருப்ப வைக்கும் காட்சி எதுவும் அதில் கிடையாது. 'ஃபயர்', 'அலிகர்' எல்லாம் பிறகு பார்க்கலாம். பார்த்து முடித்ததும் மேத்யூவைப் பற்றிக் கேட்காதீர்கள். ஓமனா செய்தது சரியா என்று கேளுங்கள், பேச்சு அங்கிருந்து தானாகவே தொடங்கும்.